இழுப்பு

டம்ளர் அப்பாவின் உதட்டைத் தொடுவதற்குள் கோகிலவாணி அத்தையின் கையைப் பிடித்துவிட்டாள். கலங்கிய மண் தண்ணீர் பாயில் சிந்தியது.

"உடு கண்ணு. ராத்திரியெல்லாம் இழுப்பு. மண்ணாசை இருக்கற உசுரு லேசுல போவாது. கரைச்சு ஊத்துனா அடங்கிரும்."

"தொண்ட அடைச்சுக்கும் அத்த. எச்சிலே முழுங்க முடியாதவருக்கு மண்ண ஊத்துவீங்களா?"

அப்பாவின் நெஞ்சுக்குள் கொர்ரென்று கிளம்பிய ஒலி தொண்டையில் சிக்கி அறுந்தது. இப்படித்தான் இருக்கும் என்று சொல்லித்தான் நாமக்கல் டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சளியைத் துப்ப வலுவில்லை. அவ்வளவுதான்.

சென்னம்மாள் அத்தை விடவில்லை. "இழுப்புன்னு சும்மாவா பேரு வெச்சாங்க? சாவு ஒரு பக்கம் இழுக்குது, காடு ஒரு பக்கம் இழுக்குது."

"மூச்ச இழுக்கறாரு. அதுக்குத்தான் அந்தப் பேரு. வேற ஒண்ணுமில்ல."

"காலேசுல அதையும் சொல்லிக் குடுத்துட்டாங்களாக்கும்."

கோகிலவாணி டம்ளரைப் பிடுங்கி, கதவோரம் நின்ற அண்ணனிடம் நீட்டினாள். "எந்த மண்ணு இது?"

"ஊட்டுக்கு முன்னால எடுத்தேன்" என்றான் சுரேந்தர்.

"சாமைக்காட்டு மண்ணில்லையா?" என்றாள் அத்தை.

அப்பாவிடம் கைநாட்டு வாங்கி, சாமைக்காட்டு நிலத்தை ரிசார்ட்காரனுக்கு விற்றவன் சுரேந்தர்தான். அதன்பின் அப்பா அந்த வழியில் நடந்ததே இல்லை. சோளக்காடு ஊரில் பஸ் ஏறவும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"அங்க கம்பிவேலி. வாட்ச்மேன் உடமாட்டான்."

"கேட்டுப் பாத்தியா?"

அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"நான் வார வரைக்கும் அவரு வாயில யாரும் ஒண்ணும் ஊத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு கோகிலவாணி இறங்கிப் போனாள்.

சாமைக்காட்டு வேலியின் அடிக்கம்பிக்குக் கீழே கையை நுழைத்தாள். மேலே பதித்திருந்த அழகுப் புல்லைப் பிய்த்து எறிந்த பிறகுதான் மண் வந்தது. முழங்கையில் கம்பி கிழித்திருந்ததை வீட்டுக்கு வந்தபின் அத்தைதான் பார்த்தாள்.

அத்தை புதுத் தண்ணீரோடு காத்திருந்தாள். கோகிலவாணி மண்ணை அதில் போடவில்லை. அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

இழுப்பு நிற்கவில்லை. முன்போலவே கொர்ரென்று வந்தது, அறுந்தது, வந்தது.

"பாத்தியா, உள்ள போனாத்தான்..."

"இழுக்கட்டும் அத்த. அவரு மூச்சு."

வெயில் தாழும்போது, அறுந்த ஒலி திரும்பி வரவில்லை.

வாசலில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். சுரேந்தர் குடத்தைச் சாய்த்தபடி, "கைய விரிக்கோணும்" என்றான். கோகிலவாணி அவனைப் பார்த்தாள். அவன் அந்தக் கையைத் தொடாமலே தண்ணீர் ஊற்றினான். விரலிடுக்கில் கசிந்த செம்மண் கல்லில் வழிந்து அவன் பாதம் வரை வந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.