மூன்று வரிசைப் பச்சை

என் மனைவி ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். மண்ணைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நிலத்தை உழக் கூடாது, உரமூட்டை வாசலைத் தாண்டக் கூடாது, தரை ஒரு நாள்கூட வெறுமனே வெயிலில் கிடக்கக் கூடாது. இதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டம். நான் பம்பு மெக்கானிக். ஓடாததைக் கழற்றி மாட்டி ஓடவைத்துப் பழகியவன். காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்ற பேச்சே என் தொழிலில் கிடையாது.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. கடப்பாரைகூட இறங்காத தரை, இரண்டே வருடத்தில் கையை விட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. மழைத்தண்ணீர் தேங்காமல் உள்ளே போனது. மண்புழுவைக் கண்டால் பேரப்பிள்ளையைக் கண்ட மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

சறுக்கியது சணப்பில்தான். தக்காளி நடுவதற்கு முன்னால் நிலத்தை மூடிவைக்கும் மூடாக்காகச் சணப்பு என்ற பசுந்தாள் செடியை விதைத்திருந்தாள். பூவெடுக்கும் நேரத்தில், தண்டு இளசாக இருக்கும்போதே அறுத்து அங்கேயே பரப்பிவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள். ஆனால் விவசாயிகள் சங்கத்திலிருந்து பார்க்க வருகிறோம் என்றார்கள். பிறகு அடுத்த வாரம் என்றார்கள். பிறகு அதற்கும் அடுத்த வாரம். நிலம் முழுக்க மஞ்சள் பூ.

"இந்தப் பூவோட அவங்க பாக்கணுங்க. கொஞ்சம் நிக்கட்டும்," என்றாள்.

ஒருவழியாக வந்தார்கள். பூவைப் பார்த்துக் கைதட்டினார்கள். "தக்காளி நட்ட பிறகு மறுபடி வர்றோம் டீச்சர். பயிர் நல்லா நின்னா, அடுத்த போகத்துல எங்க எல்லாருக்கும் உங்க வழிதான்," என்றார் சங்கத் தலைவர். அவர்கள் வேன் போனபோது சணப்புத் தண்டு விறகாகிவிட்டிருந்தது. அதைத்தான் அறுத்துப் பரப்பித் தக்காளி நட்டாள்.

விறகான தண்டை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று முடிக்க வேண்டும். அதுவரை மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் அவையே இழுத்துக்கொள்ளும், பயிருக்கு ஒன்றும் மிஞ்சாது. இதுவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நட்ட தக்காளியெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி நின்றது.

"கொஞ்சமே கொஞ்சம் யூரியா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. மண்ணு தானா குடுக்கும். நாமதான் பொறுக்கணும்."

"நீ பொறுப்ப. சங்கத்துக்காரங்க பொறுப்பாங்களா?"

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். போய் மூடாக்கைத் தூக்கிப் பார்ப்பாள், மூடுவாள், அடுத்ததைத் தூக்குவாள். அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவள் விதை வாங்க வெளியே போன அன்று நான் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சர் வீட்டுக்கா?"

"தெரிஞ்சவருக்கு."

"தெரிஞ்சவரு குடுத்து வச்சவருதான்," என்று சிரித்தார்.

வாங்கிவந்த யூரியாச் சாக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பக்கெட்டில் கரைத்துப் பாதையோரம் இருந்த மூன்று வரிசைக்கு மட்டும் ஊற்றினேன். வருகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள், செடிகளுக்குள் இறங்கமாட்டார்கள். சில நாளிலேயே மூன்று வரிசையும் கருகருவென்று பச்சையாகிவிட்டது.

அவள் ஓர் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள். "நான் சொன்னேன்ல? மண்ணு குடுத்துடுச்சு பாருங்க!"

"ஆமா," என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அந்த மூன்று வரிசை மட்டும் ஏன் முந்திக்கொண்டது என்பதற்கும் அவளே காரணம் கண்டுபிடித்தாள். பாதையோரம் வெயில் நன்றாக விழுகிறதாம். "அப்ப சணப்ப முத்த விட்டாலும் பெரிய தப்பு இல்ல போல. அடுத்த தடவையும் பூ முடியட்டும்னு எல்லாருக்கும் சொல்லிடலாம்," என்றாள். வாயைத் திறந்தால் அவள் உடைந்துபோவாள். மூடிக்கொண்டிருந்தால் ஊரே சணப்பை விறகாக்கிவிட்டு மஞ்சள் பயிரோடு நிற்கும். நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். நான் நினைத்த இடத்திலேயே நின்றார்கள். அவள் குரல் கணீரென்று இருந்தது. தலைவர் குனிந்து ஒரு இலையைத் திருப்பினார்.

"டீச்சர், இது என்ன, அசுவினியா?"

இலையின் அடியில் குட்டிக் குட்டியாகப் பூச்சி அப்பிக்கிடந்தது. யூரியா குடித்த இலையைத்தான் அசுவினி தேடி வரும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறவள் அவள். அந்த இலையைப் பார்த்தாள். நான்காவது வரிசைக்குப் போய் ஒரு மஞ்சள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அது சுத்தமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

"இளந்தளிருல்ல, அதான் வருது," என்றாள். "சோப்புத் தண்ணி அடிச்சா போயிடும்."

கைதட்டினார்கள். "வர்ற வெள்ளிக்கிழம மிச்சப் பேரையும் கூட்டிட்டு வர்றேன். நிலம் முழுக்கச் சுத்திப் பாக்கட்டும்," என்றார் தலைவர்.

வேன் போன பிறகு திட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தின் பின்பக்கம் போனேன். அங்கே, நான் எதையும் ஊற்றாத வரிசைகளில், புதிதாக விட்ட கொழுந்தெல்லாம் பச்சை கட்டியிருந்தது. இளம்பச்சைதான், ஆனால் பச்சை. ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தேன்.

"இங்க பாரு. நீ சொன்ன மாதிரியே தானா வருது. நாந்தான் பொறுக்காம போயிட்டேன். என்ன வேணா சொல்லித் திட்டு."

அவள் உட்கார்ந்து மூடாக்கைத் தூக்கிப் பார்த்தாள். தண்டெல்லாம் மக்க ஆரம்பித்திருந்தது. பிறகு பாதையோர வரிசைகளை வெகுநேரம் திரும்பிப் பார்த்தாள்.

"மிச்ச யூரியாச் சாக்கு எங்க?"

"பம்பு ஷெட்ல. இப்பவே தூக்கிப் போட்டுடறேன்."

"வேணாம்." மூடாக்கைப் பழையபடி செடியைச் சுற்றி மூடினாள். "இந்தப் பச்ச அந்தப் பச்ச மாதிரி இல்லீங்க. வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுடும். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வரிசைக்கும் ஊத்திடுங்க."