சேவ் பண்ணினேன்

"சேவ் பண்ணினேன். சத்தியமா பண்ணினேன்" என்று அண்ணி மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"சரிம்மா, பண்ணியிருப்ப" என்றான் அண்ணன். அந்த 'பண்ணியிருப்ப'வைக் கேட்க எனக்கே எரிச்சலாக வந்தது. நோயாளியைச் சமாதானம் செய்கிற குரல்.

அண்ணி இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவள். அவள் எழுதியதைப் படித்தால் எனக்குக்கூட ஸ்பானரைக் கையில் எடுக்கத் தைரியம் வந்துவிடும். போன வருடம் வந்த மூளைக் காய்ச்சலில், கரண்டிக்குக்கூடப் பெயர் ஞாபகம் வராமல் தவித்தாள். தேறி, மறுபடி வேலையில் உட்கார்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு கோப்பு காலி. பிறகு இன்னொன்று. இன்று லிஃப்ட் கையேடு மொத்தமும். பெயர் இருக்கிறது, திறந்தால் வெறும் வெள்ளை.

"விட்டுடறேன் பாப்பா" என்றாள் என்னிடம். எனக்கு நாற்பது வயதாகிறது, அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான். "நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன், என்னால முடியாதுன்னு. நான் பண்ணினேன்னு நினைக்கறது ஒண்ணு, நிஜத்துல பண்ணினது ஒண்ணுன்னா, அப்புறம் எதைத்தான் நம்பறது?"

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் முகம் அப்போதுதான் விழுந்தது.

நான் வாயாடி என்று வீட்டில் பெயர் எடுத்தவள். அன்று வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டரின் இயங்குதளத்தை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை, எழுதும் குழுவில்; அதிலும் கோப்புகளை ஹார்ட் டிஸ்க் வட்டில் பத்திரப்படுத்துகிற பகுதியில். அவளுடைய கம்ப்யூட்டரில் ஓடுவதும் எங்கள் சரக்குதான். கோப்பின் அளவைப் பார்த்தேன். பூஜ்யம்.

"அண்ணி, நேத்து வரைக்கும் எழுதினது இதுலதானே இருந்தது?"

"ஆமா. காலைல அதைத் திறந்துதான் மேல எழுதினேன்."

"அண்ணா, நீ சொல்லு. இன்னிக்கு சேவ் பண்ண மறந்திருந்தா ஃபைல்ல என்ன இருக்கணும்?"

"நேத்து எழுதினது இருக்கணும்" என்றவன், கொஞ்சம் தயங்கி, "அதுவும் இல்லையே" என்றான்.

"அதைத்தான் சொல்றேன். மறந்தவங்க ஃபைல் காலியாகாது, பழசு அப்படியே இருக்கும். அண்ணி சேவ் பண்ணினதாலதான் இது காலியாயிருக்கு."

சேமிக்கும்போது இயங்குதளம் பழைய கோப்பைத் தூக்கிவிட்டு, அதன் பெயரைப் புதியதற்கு வைக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய எழுத்துகள் வட்டுக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். இயங்குதளம் என்கிற எங்கள் புண்ணியவான் அதற்கு முன்பே 'சேமித்தாயிற்று' என்று பல்லைக் காட்டிவிடுகிறான். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

"இங்கதான் கரண்டே போகலையே" என்றாள் அண்ணி.

நான் அண்ணனைப் பார்த்தேன். சாயங்காலத்துக்கு மேல் கண்ணை வருத்தக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இவளோ 'இன்னும் ஒரே ஒரு பக்கம்' என்று கெஞ்சுகிற ரகம். அதனால் அவள் "முடிச்சாச்சு" என்று வாயைத் திறந்ததுமே அண்ணன் ஓடிப்போய்ச் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டிவிடுவான். அவ்வளவு பாசம்.

"நானா?" என்றான், முகம் வெளிறி.

"பாதி நீ, பாதி எங்க ஆளுங்க. சண்டை போடாம பங்கு போட்டுக்கலாம்."

அண்ணி சிரிக்கவில்லை. "அப்போ நான் மறக்கல?"

"மறக்கல அண்ணி."

"நீங்க சொல்லுங்க" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ மறக்கல. நான்தான் உன்னை நம்பல" என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது. என் கண்ணும் கலங்கியது, அதை மறைக்க நான் ஒன்றும் கல் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் குழுத் தலைவர், "சேவ் பண்ணினேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரை உட்கார வைத்து அந்தப் பூஜ்யத்தைக் காட்டினேன். பிறகு அவரும் நானுமாகச் சேர்ந்தே திருத்தினோம். எழுத்துகள் முதலில் வட்டுக்குப் போகட்டும், பெயர் அப்புறம் மாறட்டும். மாற்றம் என்னவோ சில வரிகள்தான், சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, திருத்தியதை அண்ணியின் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிச் சோதித்தோம். அவள் எழுதிச் சேமிக்க வேண்டும், அண்ணன் உடனே சுவிட்சைத் தட்ட வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தட்டுங்களேன், பயப்படாதீங்க" என்று அவள்தான் அதட்டினாள்.

தட்டினான். மறுபடி உயிர் கொடுத்துத் திறந்தபோது எழுத்துகள் இருந்தன. இன்னொரு முறை, அதற்கப்புறம் இன்னொரு முறை. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

தொலைந்த கையேட்டைத்தான் மீட்க முடியவில்லை. வட்டில் அது இருந்த இடத்தின் மேல் கம்ப்யூட்டர் வேறு எதையோ எழுதித் தொலைத்திருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

அண்ணி என் தலையைத் தடவிவிட்டாள்.

"லிஃப்டுதானே பாப்பா, போனா போகுது. திரும்ப எழுதிக்கலாம். நான் எங்கயும் போகலையே, எனக்கு அது போதும்."