நல்ல குடும்பத்துச் சட்டைகள்

ரோஸ்மேரி கும்பிட்டும் பார்த்துவிட்டாள், மனுக் கொடுத்தும் பார்த்துவிட்டாள். முதலாளி தண்டாயுதபாணி மசியவில்லை. அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கர்ப்பமாக இருக்கும் பதினோரு பேருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும் மேகநோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நர்ஸ் கம்பெனிக்கே வந்து எடுத்துக்கொள்வார். வேண்டியதெல்லாம் அரை மணி நேரமும் முதலாளியின் ஒரு தலையாட்டலும்.

“எல்லாத்துக்கும் எதுக்குங்க அம்மிணி? அது ஒரு மாதிரியான சீக்குங்க. நம்முளுது எல்லாம் நல்ல குடும்பத்துப் புள்ளைங்க. சந்தேகமா இருக்கறவங்களை மட்டும் கூட்டிட்டுப் போங்க” என்றார். ‘ங்க’ போட்டே ஆளை வெளியே அனுப்புவதில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது.

சந்தேகப்பட்டுக் கூப்பிட்டால் எவள் வருவாள்? வந்தவளை ஊர் சும்மா விடுமா? முன்பு தூத்துக்குடியில் இருந்தபோது ரோஸ்மேரியையும் யாரும் சந்தேகப்படவில்லை. அவள் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான், முன்னமே ரத்தம் பார்த்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஐந்து வருஷமாகியும் அந்தக் கோபம் அடங்கவில்லை. பக்கத்து மேஜையில் ஆறு மாத வயிற்றோடு நூல் பிசிறு வெட்டும் ஜோதிகாவைப் பார்த்துத்தான் அவள் அந்த மனுவையே எழுதினாள்.

ரோஸ்மேரிக்கு வேலை ஊசி மெஷினில். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டை ஒவ்வொன்றும் அதற்குள் போய் வர வேண்டும். தையலில் உடைந்த ஊசிமுனை எங்காவது சிக்கியிருந்தால் மெஷின் கத்தும்.

மறுநாள் காலை தண்டாயுதபாணி வந்தபோது மெஷின் ஓடவில்லை. ரோஸ்மேரி ஒவ்வொரு சட்டையாகத் தூக்கி, பெண் பார்க்க வந்தவள் மாதிரி உற்றுப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க அம்மிணி பண்றீங்க?”

“சந்தேகமா இருக்கதை மட்டும் மெஷின்ல விடுதேன் சார். இதெல்லாம் நல்ல குடும்பத்துச் சட்டை. பாத்தாலே தெரியுதுல்லா?”

ஜோதிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெளையாடாதீங்க! ஒரே ஒரு முனை அங்க ஒரு கொழந்தையக் குத்துச்சுன்னா, கம்பெனியை மூடிப்போட்டுக் காங்கேயத்துக்குப் போயி எண்ணெய் ஆட்ட வேண்டீதுதான்!”

“அந்தச் செவப்புச் சட்டை மட்டும் கொஞ்சம் மினுக்கிக்கிட்டு நிக்கு. அதை விடவா சார்?”

“எல்லாத்தையும் விடுங்க!”

“எல்லாத்தையுமா? வெள்ளைச் சட்டை மானம் போச்சுன்னு அழுமே!”

அவர் பொறுமையிழந்து தாமே மெஷினைப் போட்டு, சட்டைகளை உள்ளே தள்ளினார். மினுக்கிய சிவப்புச் சட்டை சத்தமில்லாமல் போய் வந்தது. பதினான்காவதாகப் போனது, வாத்துக்குஞ்சு தைத்த வெள்ளைச் சட்டை. மெஷின் கத்தியது.

மாதா மேல் ஆணையாக, அந்த முனையை ரோஸ்மேரி ஒளித்து வைக்கவில்லை. அந்தச் சட்டையை ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் நல்ல குடும்பம் என்று அவளே அடுக்கியிருந்தாள். குறும்பெல்லாம் வடிந்து, அதைக் கையில் எடுத்தாள்.

“நானும் பாத்துத்தான் சார் வச்சேன்” என்றாள். “என் பிள்ளையும் வெள்ளைத் துணி சுத்தினாப்புல அழகாத்தான் பொறந்துச்சு.”

அவர் வாத்துக்குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

திங்கட்கிழமை நர்ஸ் வந்தார். வரிசையில் முதல் ஆளாகக் கையை நீட்டியது முதலாளியின் மருமகள் சித்ராதேவி. நாலு மாதம்.

“எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்குந்தானுங்க” என்றார் தண்டாயுதபாணி, யார் முகத்தையும் பார்க்காமல்.

பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் கிருமி இருந்தது. யார் என்று நர்ஸ் மூச்சுவிடவில்லை. எல்லாரும்தான் கையை நீட்டினார்கள் என்பதால் ஊரும் யாரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அடுத்த வாரம் ஜோதிகா பிசிறு வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் மெல்லச் சொன்னாள்.

“யக்கா, அந்த ஊசி ரொம்ப வலிக்கு. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் போட்டாக.”

ரோஸ்மேரிக்குச் சட்டைகள் கலங்கித் தெரிந்தன. ஒன்றை எடுத்து மெஷினுக்குள் விட்டாள்.

“வலிக்கட்டும்டி” என்றாள். “நல்லா வலிக்கட்டும்.”