மினாரா வீட்டில் ஐந்தாவது ஆள்

வண்டி நிறுத்துமிடத்து நீளச் சுவரில் ஆளுக்கொரு வீடு வரையச் சொன்னது சுரைடா. செலாயாங் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்த அடுக்குமாடியில் பாதிப்பேர் மலாய்க்காரர்கள், சீனர்கள். மீதிப்பேர் மியான்மரிலிருந்து தப்பி வந்த ரொஹிங்கியாக்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள், சேர்ந்து வண்ணம் அடித்தால் பேசவாவது செய்வார்கள் என்று ஓவியக்காரியான சுரைடா நம்பினாள். பொய் சொல்லக் கூடாது, பேச்சு வரத்தான் செய்தது. மூன்றாம் நாளே மேல்மாடி மலாய்க்காரி ஒருத்தி பொரித்த வாழைப்பழத்தோடு வந்து, ரொஹிங்கியாக்காரி டில்டாரின் தூரிகையைப் பிடுங்கி, "கூரைக்கு இவ்வளவு தண்ணியா கலக்குவாங்க?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனாள். திட்டுகிற அளவுக்கு நெருங்கியாயிற்று.

கடைசி நாள் சுரைடா, "வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்களோ எல்லாரையும் வாசல்ல வரைஞ்சிருங்க. மார்க்கத்துல முகம் வரையக் கூடாதுன்னா விட்டுருங்க, துணி நிறம் போதும்" என்றாள்.

மலாய் வாசல்களில் பூனை படுத்திருந்தது, ஒருவன் மோட்டார் சைக்கிள் துடைத்தான். சீன வாசலில் ஒருவர் நாற்காலியில் தூங்கினார். ரொஹிங்கியா வாசல்களில் மட்டும் எல்லோரும் வயது வரிசைப்படி, கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார்கள்.

"என்ன இது, எல்லாரையும் போலீஸ் பிடிச்ச மாதிரி நிக்க வச்சிருக்கீங்க?" என்று சுரைடா சிரித்தாள். அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை பட்டியல் சரிபார்க்கச் சிப்பாய்கள் வருவார்கள். குடும்பம் முழுக்க வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், படம் எடுப்பார்கள். ஓர் ஆள் குறைந்தால் பேர் வெட்டு, ஓர் ஆள் கூடினால் ஜெயில். வாசலில் நிற்கும் குடும்பத்தை வேறு எப்படி வரைவது என்று அவர்களுக்குத் தெரியாது.

டில்டார் நான்கு பேரை நிறுத்தியிருந்தாள். கணவன், அவள், இரண்டு மகன்கள். பக்கத்தில் அவள் அக்கா மினாராவின் வீடு, அதிலும் நான்கு பேர். மினாரா, கணவன், ஒரு மகன், கடைசியில் பச்சை முக்காட்டோடு ரொமிதா.

ரொமிதா டில்டார் பெற்ற பெண். ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது என்ற ஊரில் மூன்றாவதாகப் பிறந்தவளை, அந்த வாரமே அக்காவின் பட்டியலில் சேர்த்தார்கள். சாப்பிட்டதும் தூங்கியதும் அம்மாவிடம், காகிதத்தில் மட்டும் பெரியம்மா மகள். இங்கே அகதி அலுவலகத்திலும் பயந்துகொண்டு பழைய பட்டியலையே சொன்னார்கள். இப்போது மினாரா குடும்பத்துக்கு அமெரிக்காவில் குடியேற அனுமதி கிடைத்துவிட்டது. பன்னிரண்டு நாளில் விமானம். பதினாறு வயது ரொமிதா அவர்களோடு போகிறாள்.

அவள் கீழே இறங்கி வந்து அம்மாவின் வீட்டைப் பார்த்தாள்.

"இங்கயும் நான் இல்லையா மா?"

டில்டாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, மறக்கலடி. அல்லா மேல ஆணையா மறக்கல. கை நாலோட நின்னுபோச்சு."

"இங்க யாரு மா எண்ண வர்றாங்க?"

டில்டார் தூரிகையைப் பச்சையில் தோய்த்தாள். மினாரா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சாயந்திரம் பேப்பர்காரன் படம் எடுக்க வர்றான். ஒரே புள்ள எப்படி ரெண்டு வீட்டுலன்னு எவனாவது கேட்டா? ஃபைலும் போச்சு, அவ போறதும் போச்சு."

ஃபைல் போகட்டுமே என்று தோன்றியது டில்டாருக்கு. ஒரே ஒரு பச்சை உருவம், மகள் இங்கேயே இருந்துவிடுவாள். இருந்து? பள்ளிக்கூடம் கிடையாது, வேலைக்குப் போனால் பிடிப்பார்கள், இரண்டு வருஷத்தில் எவனோ மீன் லாரிக்காரனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டிப்போ என்று அக்காவின் காலைப் பிடித்து அழுதவளே அவள்தான். அப்படி இருந்தும் மனசு போகட்டும் என்றதே, தாயா நான் என்று தன் மீதே அருவருப்பு வந்தது.

தூரிகையைக் கழுவி வெள்ளையை எடுத்தாள். தன் வீட்டு வாசலில் நின்ற தன்னையே பூசி அழித்தாள். பிறகு மினாரா வீட்டுக்கு நகர்ந்து, பச்சை முக்காட்டை ஒட்டி, பழுப்பு உடையில் தன் உருவத்தை வரைந்தாள்.

"உன் புருஷன் வந்து கேட்டா என்னடி சொல்லுவே?" என்றாள் மினாரா.

"கேக்கட்டும்."

"பேப்பர்காரன் கேட்டா?"

"வேலைக்காரின்னு சொல்லு. ஒரு பொம்பள கூட நின்னா எந்த ஃபைலும் கெட்டுப்போகாது."

மினாராவுக்குக் கண் கலங்கியது.

ரொமிதா அந்தப் பழுப்பு உருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபமும் போகவில்லை, அழுகையும் வந்தது.

"இங்க வந்து நின்னு என்ன மா பிரயோஜனம்? பிளேன்ல உனக்கு சீட்டு இல்லையே."

"தெரியும்டி."

"தம் கட்டின மாதிரி அப்பாவும் அண்ணனுங்க ரெண்டு பேரும் அங்க தனியா நிக்கிறாங்க பாரு. போ மா."

"போறேன்" என்றாள் டில்டார். "நீ முதல்ல பிளேன் ஏறு. அப்புறம் இதை அழிச்சுட்டு அங்க போறேன்."