நிழலைத் தொலைத்த மத்தியானம்

நான் செத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். சித்திரை வருசம் பிறந்த மறுநாள், உடுப்பிட்டியில், என் வெங்காயத் தோட்டத்தின் நடுவில், உச்சி வெயிலில்.

அந்த வெயிலைப் பற்றி நான் கூட்டிச் சொல்லமாட்டேன். தார் றோட்டைக் கடக்க நினைத்த காகங்கள் போகிற சைக்கிளின் கரியரில் ஏறி மறுபக்கம் இறங்கின. வெங்காயத்தைக் கிண்டும்போதே வதக்கிய வாசம் வந்தது. அவ்வளவுதான்.

புறப்படும்போது என் மனைவி குணலட்சுமி வாசல் படலையடியில் மறித்தாள். ஒரு கையில் ஓலைத் தொப்பி, மற்றதில் மோர்ச் செம்பு.

“இஞ்சாருங்கோ, வெயில் தாழப் போனால் வெங்காயம் எழும்பி ஓடிடுமே? காலமை தொடக்கம் முறுக்கும் அரியதரமும் வெறுந்தேத்தண்ணியும்தான் உள்ளை போயிருக்கு. இதையாவது குடிச்சிட்டுப் போங்கோ.”

“வந்து குடிக்கிறன். தொப்பியும் வேண்டாம். இந்த மண்டைக்கு வெயில் பழக்கம்.”

பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். வியர்வை ஓடியது. பிறகு தலை இடித்தது. பிறகு வியர்வை நின்றுவிட்டது. காற்று வீசுகிறதாக்கும் என்று சந்தோசப்பட்டேன். மண்வெட்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். என் நிழலைக் காணவில்லை.

முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. வாலைத் தேடும் நாய் போலச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. நிழல் விழாதவை எவை என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். காது இரைந்தது.

அடுத்த தோட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டு ஓட்டோக்காரன் தில்லைநாதன் நின்றான். “தில்லை! தில்லை!” என்று கத்தினேன். என் பக்கம் பார்த்தான்; ஒன்றும் கேளாதவன்போலத் தனக்குள் சிரித்துவிட்டுக் குனிந்து புல்லுப் பிடுங்கினான்.

றோட்டுக்கு ஓடினேன். தலையைச் சொறிந்தாலே நிற்பாட்டி ஏற்றிக்கொண்டு போகிற யாழ்ப்பாண மினிபஸ், நான் கை காட்டியும் நிற்காமல் போனது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். என் மனைவி குணத்துக்கும் நான் தெரியாவிட்டால்? எங்கள் வீட்டு ஒழுங்கை நீளத்துக்கும் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.

அவள் குசினி வாசலில் வெள்ளரிப்பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“சேத்துக் காலோடை உள்ளை வராதேங்கோ” என்றாள்.

அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

“இஞ்சேர், என்ரை நிழலைக் காணேல்லை. நான் செத்துப்போனன் போலை.”

“உங்களுக்கென்ன விசரே? இந்த நாளையில சூரியன் நேர உச்சியில நிக்கும். அந்த வேலிக் கதியாலுக்கும் நிழல் இல்லை. அதுவும் செத்துப்போச்சே?”

நான் வெட்கத்தோடு சிரித்தேன். “நல்லவேளை. வேர்வையும் இல்லை பாரும், காய்ஞ்சு போய் நிக்கிறன்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு வந்து என் கழுத்தைத் தொட்டாள். அடுப்பில் பட்டதுபோலச் சட்டென்று கையை எடுத்தாள்.

“இண்டைக்கு என்ன கிழமை?”

“மார்கழி” என்றேன்.

பேய்க்குப் பயப்படாத மனிசியின் முகம் அப்போது வெளுத்த விதத்தை நான் முன்பு பார்த்ததில்லை. என் பயம் அங்கேதான் உண்மையில் தொடங்கியது.

“தில்லை அண்ணை! ஓட்டோவைக் கொண்டு ஓடி வாங்கோ!” என்று, தோட்டத்தால் வந்துகொண்டிருந்தவனை நோக்கி வேலிக்கு மேலால் குழறினாள். கிணற்றடியில் இருத்தி வாளி வாளியாய் ஊற்றினாள். கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத் துவாயை வைத்து விசிறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தில்லைநாதன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணை, நீங்கள் வாயைத் திறந்து திறந்து மூடினியள், சத்தம் வரேல்லை. உங்கடை வழமையான பகிடி எண்டு நினைச்சிட்டன். றோட்டிலையும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலிக்கெல்லோ கை காட்டினியள்!”

அப்படியென்றால் என் குரல் வெளியே வரவேயில்லை. குணம் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் துவாயைத் திரும்பத் திரும்ப நனைத்தாள்.

“கதைச்சுக்கொண்டு வாங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை, கதையுங்கோ.”

எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊசியும் சேலைனும் ஏறி, மின்விசிறி சுற்றி, நெடுநேரத்துக்குப் பிறகு என் நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. துவாய்த் தண்ணீரென்று நினைத்தேன். அது மூக்கோரமாய் வழிந்து உதட்டுக்கு வந்தது. உப்பு.

“குணம், வேர்க்குது.”

அவள் துடைக்க வந்தாள். நான் விடவில்லை.