இடது சீட்டில் இருந்த நிழல்

மஞ்சள் கார் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்த அன்று பின்னேரம் றஊப் அதிலிருந்து இறங்கினார். அவருடைய நிழல் இறங்கவில்லை. 1994ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம், கடற்கரையில் கீரி மீன் மலிந்து கிடந்த நேரம் அது. கொழும்பிலிருந்து அந்த இரண்டு சீட்டுக் காரை ஓட்டி வந்தவர் அதன் சொந்தக்காரர் ஷிப்லி. இடது சீட்டில் இருந்தபடி வந்தவர் றஊப். கதவைச் சாத்திவிட்டு அவர் தன் வீட்டு வாசலுக்கு நடந்தபோது சாய்ந்த வெயிலில் தென்னைகளின் நிழல் மதிலில் விழுந்தது, கிணற்றுக் கட்டின் நிழல் மணலில் விழுந்தது, அவருக்கென்று எங்கும் ஒன்றும் விழவில்லை. கூடி நின்ற சனம் முதலில் காரைத்தான் பார்த்தது. பிறகுதான் இடது சீட்டில் தோள் கூனி, தொப்பி ஒரு பக்கம் சரிந்து, கறுப்பாக ஒருவர் இருப்பதைக் கண்டார்கள். "அது றஊப் காக்காட நிழல்" என்றார் ஒருவர்; மூத்தவரை இங்கே காக்கா என்றுதான் அழைப்பார்கள். மற்றவர்கள் ஓம் என்று தலையாட்டிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

றஊபும் ஷிப்லியும் சகலன்மார். இந்தக் கரையில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அக்கா றாபியாவை முடித்தவர் றஊப், தங்கை கமீலாவை முடித்தவர் ஷிப்லி. ஒரே வளவில் இரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு கேற். றஊப் ஆறு வருஷம் அங்கே ஒரே மருமகனாக இருந்தவர். மாமியார் ஆக்கும் அறுக்குளா மீனின் தலை அவருடைய பீங்கானுக்குத்தான் வந்தது. பிறகு ஷிப்லி வந்தார், ஐஸ் பெக்டரி போட்டார், மாடி கட்டினார், மீன் தலை பக்கத்து வீட்டுக்குப் போனது. மீன் தலையில் முள் கூட என்று மட்டும் றஊப் அவ்வப்போது சொல்லிக்கொண்டார்.

றஊபுக்குக் கல்முனை பஸாரில் மோட்டர் பாட்ஸ் கடை. அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் ஓடுகிற ஒவ்வொரு காரின் வருத்தமும் அவருக்குத் தெரியும். சொந்தமாக இருந்ததோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு நாள் அவர் ராசா. சம்மாந்துறையில் அப்துல் கபூர் ஹாஜியாரின் அரிசி மில்லில் நெல் காய வைக்கும் சீமெந்துக் களம் ஒன்று இருக்கிறது. பந்து விளையாடும் மைதானத்தை விடப் பெரியது. ஹஜ்ஜுப் பெருநாள் மூன்றாம் நாள் அங்கே நெல் கொட்டுவதில்லை. தார்ப் பீப்பாக்களை வளைவுக்கு வளைவு வைத்து, ஒவ்வொரு காராக ஐந்து சுற்று விட்டு, கையில் மணிக்கூடு பிடித்து நேரம் பார்ப்பார்கள். றஊப் யாரிடமாவது கார் இரவல் வாங்கி ஓடுவார். இரவல் காரிலேயே வெல்வார். காரைத்தீவு குணம் மாஸ்டர் தன் பழைய சின்னக் காரோடு எப்போதும் இரண்டாவதாக வருவார். மாலையைக் கழுத்தில் போட்டபடி றஊப் காரின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் யாருக்கும் பார்க்கப் பிடிக்காது.

அதனால்தான் ஷிப்லி அவரிடம் வந்தார். "காக்கா, எனக்கு ஒரு கார் எடுக்கோணும். நாளாந்தம் பெக்டரிக்குப் போகோணும், புள்ளையள ஸ்கூலுக்கு ஏத்தோணும், பெருநாளைக்குக் களத்திலயும் ஓடோணும். எல்லாத்துக்கும் ஒண்டு. பழசெண்டாலும் பறவால்ல. நீங்க பாத்துச் சொன்னா நான் கண்ண மூடிட்டு எடுப்பன்." காசுள்ளவன் கண்ணை மூடிக்கொள்ளலாம், பார்க்கிற வேலை எனக்கு என்று றஊபுக்கு வயிறு எரிந்தது. "ஓம் தம்பி, போவம்" என்றார்.

கொழும்பில் பழைய கார் விற்கும் முற்றம் ஒன்றில் வேகக் கார்கள் மூன்று நின்றன. றஊப் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைப் பொக்கெட்டில் கொண்டு போயிருந்தார். முதலாவது வெள்ளைக் கார், நாலு கதவு. காந்தம் வைத்த இடமெல்லாம் ஒட்டியது. டயர்கள் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன, அடியில் துரு இல்லை, குளிர்ந்து கிடந்த எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. பின் சீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கலாம், டிக்கியில் அரிசி மூடை போடலாம், களத்தில் விட்டால் எந்தக் காருக்கும் பதில் சொல்லும். இரண்டாவதில் முன் மட்கார்ட்டில் வைத்த காந்தம் கழன்று விழுந்தது. பெயின்டுக்குக் கீழே, அடிபட்ட இடம் முழுக்கப் புட்டி அப்பியிருந்தது. மூன்றாவது மஞ்சள் கார். இரண்டே சீட்டு, எஞ்சின் முதுகுக்குப் பின்னால், நிலத்தோடு ஒட்டிய உடம்பு. றஊப் அதற்குள் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சீட் அவருடைய கூனல் முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. கியரை ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாற்றிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளைக் கார்தான் சரியான கார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் காரில் ஷிப்லி, கமீலா, பிள்ளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டு தன் வாசலைத் தாண்டிப் போவதும் பெருநாளன்று அதே கார் களத்தில் வெல்வதும் அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. இந்த மஞ்சளில் பிள்ளைகளை எங்கே ஏற்றுவான்? மூன்று மாதத்தில் கமீலா சண்டை பிடிப்பாள். சண்டை பிடித்தால் விற்பான். விற்றால் வாங்குவதற்கு நான் பக்கத்து வீட்டில்தானே இருக்கிறேன். "மஞ்சள எடுங்க தம்பி" என்றார் றஊப். "வெள்ளையில அடியில துரு." ஷிப்லி சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

வழி முழுக்க றஊப் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். காக்கா, கொஞ்சம் நீங்க ஓடுங்களன் என்ற சொல்லுக்காக. கண்டி தாண்டியது, மலை வளைவுகள் தாண்டின, ஷிப்லி ஒவ்வொரு வளைவிலும் பிழையான கியரில் ஏறினார், எஞ்சின் முதுகுக்குப் பின்னால் அழுதது, றஊபின் இடது கால், அங்கே இல்லாத கிளச்சை மிதித்து மிதித்து மரத்துப் போனது. மஹா ஓயாவில் தேத்தண்ணிக்கு இறங்கினார்கள். இப்போது கேட்பான் என்று றஊப் வலது கதவுக்குக் கிட்டப் போய் நின்றார். ஷிப்லி பீங்கான் கோப்பையை வைத்துவிட்டு, "தள்ளுங்க காக்கா" என்று சொல்லி வலது பக்கம் ஏறினார். அந்த நிழல் சீட்டில் ஊறிப்போனது மஹா ஓயாவுக்கும் அம்பாறைக்கும் இடையில்தான் என்று ஊரில் பின்னாளில் முடிவு செய்தார்கள்.

கார் வந்த அன்று பார்த்த எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நல்ல பொருளைக் கண்டால் கண்ணூறு படாமல் அப்படிச் சொல்வது வழக்கம். றஊப் மட்டும் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது என்றார். நிழல் திரும்பாததைக் கண்ட மௌலவி, மனதார ஒருமுறை சொல்லும்படி அவரைக் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். றஊப் உரத்துச் சொன்னார், ராகம் போட்டும் சொன்னார். நிழல் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மற்ற மனிதர்கள் பொறாமையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டுத் திரியலாம். றஊபுடையது தினமும் காலையும் மாலையும் பிரதான வீதியில் சனம் பார்க்கப் போய் வந்தது. யுத்த காலம் என்பதால் காரைத்தீவுச் சந்திக் காவலரணில் எல்லா வாகனத்து ஆட்களும் இறங்கி நடக்க வேண்டும். நிழலும் இறங்கி, பஸ் சனத்தோடு வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய்க் காரில் ஏறியது. முதல் கிழமை சிப்பாய்கள் விட்டுவிட்டார்கள். இரண்டாம் கிழமை புதிதாக வந்த ஒருவன் அடையாள அட்டை கேட்டான். நிழலிடம் இல்லை. ஆள் அனுப்பி, றஊப் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் அட்டையைக் காட்டினார். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான், றஊபின் காலடியைப் பார்த்தான், சரி என்றான். அதற்குப் பிறகு அட்டையின் கொப்பி ஒன்று பிளாஸ்டிக் ஒட்டப்பட்டுக் காரின் முன் தட்டிலேயே கிடந்தது. ஷிப்லி இதையெல்லாம் ரசித்தார். நிழலுக்குக் கால் இடிக்காமல் சீட்டைப் பின்னால் தள்ளிவிடுவார். "காக்கா இல்லாம நான் ஒரு இடமும் போறல்ல" என்று பெக்டரியில் சொல்லிச் சிரிப்பார். அது றஊபின் காதுக்கு வந்து சேரும்.

மூன்று மாதத்தில் கார் விற்கப்படவில்லை. கமீலா சண்டை பிடித்தது உண்மை. ஆனால் சண்டை வேறு பக்கம் போனது. மச்சானின் நிழல் இருக்கிற சீட்டில் தான் இருக்கலாமா என்று அவர் மௌலவியிடம் கேட்டனுப்பினார். நிழலுக்கு உடம்பு இல்லை, ஆகவே ஹறாம் என்று சொல்ல முடியாது, ஆனால் மரியாதைக்குப் பொருந்தாது, அதபு இல்லை என்று பதில் வந்தது. அதோடு கமீலாவும் பிள்ளைகளும் ஓட்டோவில் போகத் தொடங்கினார்கள். ஒருநாள் கிணற்றடியில் றஊபைக் கண்டு கமீலா கேட்டார். "மச்சான், அங்க நாலு கதவுக் காரும் ஒண்டு நிண்டதாமே?"

"அதுல துரு" என்றார் றஊப்.

"துருவா?" என்று கேட்டுவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். றாபியா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சோறு போடும்போது புருஷனின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

களத்திலும் ஷிப்லிக்கு வாய்க்கவில்லை. அந்த முதல் பெருநாளிலேயே குணம் மாஸ்டர் வென்றார், அடுத்ததிலும் வென்றார், அதற்கடுத்ததிலும். றஊப் ஓடவில்லை, நிழல் இல்லாத மனிதனுக்குக் கார் இரவல் கொடுக்க ஆட்கள் யோசித்தார்கள். ஷிப்லி காரின் பாரம் குறைக்க மேலதிகச் சில்லைக் கழற்றினார், கம்பளத்தை உரித்தார், ரேடியோவையும் பிடுங்கினார். பிறகு ஹாஜியாரின் மில்லில் நெல் லொறி நிறுக்கும் தராசில் காரை ஏற்றிப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதை விட ஒரு மூடை நெல்லின் பாரம் அதிகமாகக் காட்டியது. விஞ்ஞானம் படிப்பிக்கிற குணம் மாஸ்டர் தராசை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, நிழலுக்குப் பாரம் இல்லை, இது வேறு ஏதோவின் பாரம் என்று சொல்லிப் போனார்.

இப்படி ஐந்து வருஷம் போனது. 1999ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு முதல் நாள் ஷிப்லி கல்முனைக் கடைக்கு வந்து, பிளக் நாலு கேட்டார். றஊப் எடுத்து வைத்தார். ஷிப்லி அதை உருட்டிக்கொண்டு நின்றார்.

"காக்கா, இந்த முறை நீங்க ஓடுங்களன்."

றஊப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "என்னத்துக்கு?"

"நீங்க வலப் பக்கம் இரிந்தா அது உங்களுக்குள்ள வந்திரும். இடப் பக்கம் காலியாகும். பாரம் குறையும். கார் வெல்லும்."

வெல்லப் போவது கார், அதாவது ஷிப்லி. அன்புக்கு அவர் கேட்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் கேட்டார் என்பது றஊபுக்கு விளங்கியது. மஹா ஓயாவில் வந்திருக்க வேண்டிய சொல் ஐந்து வருஷம் பிந்தி, பிளக் வாங்க வந்த இடத்தில் வந்தது. முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "திறப்பத் தாங்க" என்று வந்தது.

மூன்றாம் நாள், களத்தில், றஊப் வலது கதவைத் திறந்து ஏறினார். நிழல் ஒரு கணம் தயங்கி, கியருக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து இந்தப் பக்கம் வந்து, அவருடைய பாதத்திலிருந்து தலை வரைக்கும் ஏறிக்கொண்டது. உடம்பு குளிர்ந்தது. பிறகு அவர் காரை ஓட்டினார். அந்தக் காருக்குள் இப்படி ஒரு கார் இருந்தது என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. பீப்பாக்களை அது தொட்டும் தொடாமலும் வளைந்தது, சீமெந்துச் சந்துகளில் கிடந்த உமி எழும்பிச் சனத்தின் தலையில் கொட்டியது, எஞ்சின் முதல் தடவையாக அழாமல் பாடியது. ஐந்தாவது சுற்று முடிந்தபோது மணிக்கூடு பிடித்தவர் நேரத்தை வாசிக்காமல் வெறுமனே அதைத் தூக்கிக் காட்டினார். ஹாஜியார் மாஷா அல்லாஹ் என்றார். களம் முழுக்க அதையே சொன்னது. குணம் மாஸ்டர் வந்து கை கொடுத்து, "நாலு வருசமா இதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தன்" என்றார். தான் வென்று மகிழ்ந்த முதல் வருஷத்தை அவர் கணக்கில் சேர்க்காததை ஒருவரும் திருத்தவில்லை.

றஊப் இறங்கினார். அவருடைய நிழலும் இறங்கி, பின்னேர வெயிலில் சீமெந்தில் நீண்டு கிடந்தது. அவர் அதை இரண்டு அடி நடத்திப் பார்த்தார். பிறகு ஷிப்லியைத் தேடினார்.

ஷிப்லி நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். மற்ற எல்லா வாயும் அசைந்தபோது அவருடைய வாய் மட்டும் மூடிக் கிடந்தது. வெற்றிலையும் போட்டிருக்கவில்லை. அவருடைய கண் காரில் இருந்தது, தன்னுடைய கையில் ஒருநாளும் இப்படிப் பாடாத காரில். மூடைகளின் நிழல் களத்தில் விழுந்திருந்தது. அவருடைய காலடி வெறுமையாக இருந்தது. றஊப் மெல்லத் திரும்பி இடது சீட்டைப் பார்த்தார். அங்கே கட்டையாக, தோள் அகலமாக, கறுப்பாக ஒருவர் இருந்தார்.

கார் கிடைத்திருந்தால்கூட றஊபுக்கு அவ்வளவு இனித்திருக்காது. நெஞ்சு நிறைந்து, வெட்கம்கூட வராமல், அப்படி ஒரு சந்தோசம். ஒரு சொல் சொல்லி ஷிப்லியை ஆற்றியிருக்கலாம். வென்றது உங்கட கார்தானே தம்பி என்றால் போதும், அதுவும் அவருக்குத் தெரியும். அவர் காருக்குள் குனிந்து, ஷிப்லிக்குக் கால் கட்டை என்பதால், இடது சீட்டை முன்னால் தள்ளிவிட்டார்.

"தலையிடியாக் கிடக்கு" என்றார் ஷிப்லி. "நீங்களே வீட்ட கொண்டுபோங்க. நான் ஹாஜியாரோட வாறன்."

காரைத்தீவுச் சந்தியில் சிப்பாய் தட்டில் கிடந்த கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆள் அல்ல, இவர் கட்டை என்றான். ஷிப்லி அட்டையோடு வந்து சேரும் வரை றஊப் வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, சோடா ஒன்று குடித்தபடி ஆறுதலாக இருந்தார். அன்று அவர் நன்றாக நித்திரை கொண்டார்.

அதன் பிறகு தட்டில் இரண்டு கொப்பி இருந்தது. காரை றஊப் ஓடினால் ஷிப்லியின் நிழலும், ஷிப்லி ஓடினால் றஊபின் நிழலும் இடது பக்கம் போயின. சிப்பாய்கள் கேட்பதை விட்டார்கள். மீன் தலையை மாமியார் இரண்டாக வெட்டிக் கொடுத்தார். நிழல் இப்போது தன் புருஷனுடையது, இனி இருக்கலாமா என்று கமீலா மறுபடி மௌலவியிடம் கேட்டனுப்பினார். நிழல் ஆகும், ஆனால் அந்த நேரம் ஓட்டுகிறவர் மச்சான், அவர் ஆகாது என்று பதில் வந்தது. கமீலாவும் பிள்ளைகளும் ஓட்டோவில் போனார்கள்.