எதிர்க் கம்பெனிக்காரன்

சலூன்காரருக்கு டி.வி. மல்யுத்தத்தில் இரண்டே கம்பெனிகள்: நம்ம கம்பெனி, எதிர்க் கம்பெனி. நம்ம கம்பெனியில் நடுவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒருவன் நாற்காலியால் போட்டு அடித்தால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மூளைடா!" என்று கைதட்டுவார். அதே அடி எதிர்க் கம்பெனியில் விழுந்தால் ஊரை ஏமாற்றுகிற வேலை. அங்கிருந்து இங்கே வருகிற வீரன் பிழைக்கத் தெரிந்தவன். இங்கிருந்து அங்கே போகிறவன் துரோகி. வாடிக்கையாளர்கள் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருக்கு நியாயம் பேசத் துணிச்சல் வரும்?

இரண்டாவது நாற்காலியில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி மட்டும், "அதெப்படி மாமா, அவன் பண்ணா தப்பு, இவன் பண்ணா சரியா?" என்று மல்லுக்கு நிற்பான். கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. எதைச் சொன்னாலும் "சரி மாமா" என்கிறான். போன் வந்தால் வாசலுக்குப் போய்க் குசுகுசுக்கிறான். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு வாசலையே பார்ப்பார். தொழில் கற்றுக்கொடுத்து, பிள்ளை மாதிரி கூடவே வைத்துக்கொண்டவன். அவன் இல்லாத கடையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

மூன்றாவது நாற்காலிக்குப் போன மாதம்தான் ஆள் வந்தது. தாடி திருத்துவதில் கைகாரன். தெருவின் எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய சலூனில் வேலை பார்த்தவனை நைசாகப் பேசி இழுத்துக்கொண்டு வந்ததும் இவரேதான். அந்தச் சாமர்த்தியத்தை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார்.

சனிக்கிழமை காலை. மச்சான் சுவர் பக்கம் திரும்பிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் இருந்த கண்ணாடி அவனைக் காட்டிக்கொடுத்தது. திரை முழுக்கச் சிவப்பு. எதிர்க் கம்பெனி மேடையில் கட்டியிருக்கும் கயிறும் சிவப்புதான். 'பாவி, திருட்டுத்தனமா அதையா பார்க்கிறான்!'

சலூன்காரர் எட்டிப் போனைப் பிடுங்கினார். மேடையும் இல்லை, கயிறும் இல்லை. எதிர்ச்சாரிக் கடையின் புத்தம்புது சிவப்பு நாற்காலிகள். படத்துக்குக் கீழே, 'நடு நாற்காலி உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வந்துடுங்க.'

"என்னடா இது?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா. வாய் வரல."

"இவ்வளவு நாள் கூடவே இருந்துட்டு அவன் கடைக்கா? உங்க அக்கா கேட்டா என்ன சொல்வா?"

"கேட்டுட்டேன். நல்ல இடம்னா போடான்னுச்சு."

வீட்டிலும் தெரிந்திருக்கிறது! சலூன்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கடை விட்டுக் கடை தாவுறவன் மனுஷனாடா? துரோகி!"

மூன்றாவது நாற்காலியில் ஓடிக்கொண்டிருந்த கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"அப்ப நான் யாருண்ணே?" என்றான் தாடி திருத்துகிறவன். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நீ வேறப்பா," என்றார் சலூன்காரர், சட்டென்று.

நுரை பூசிய வாடிக்கையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமைவரைகூடக் காத்திராமல், தன் கத்தரிகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினான்.